வாசலில் விளக்கு வைக்கக் கூடாது

உ
பாபடோயிட்டோய்
8-9-2024

என் மகள் லக்ஷ்மிப்ரியாவுக்கு அம்மா அன்னம் ஆசீர்வாதம் பண்ணி எழுதுறது. நான் நல்லா இருக்கேன். முழங்கால் மட்டும் குளிர்ல பிடிச்சுக்குது. நீயும் மாப்பிள்ளை அரவிந்தும் எப்படி இருக்கீங்க? ரஷ்மிக்கு முன்பல் ஆடுதுன்னு சொன்னியே, விழுந்துச்சா?

நான் போன் பண்ணினா நீ எடுக்கிறதில்ல. வெஸ்ட்கேட்டுக்கும் பாபடோயிட்டோய்க்கும் நடுவுல சமுத்திரமா இருக்கு? ஒரே நகரம், நடுவுல ஒரு மோட்டார்வேதான். இருந்தும் வேற நாட்டுல இருக்கிற மாதிரி கடுதாசி எழுத வச்சுட்ட. அஞ்சாங்கிளாஸோட நின்ன கை. எழுத்து கோணலா இருக்கும், விஷயம் கோணலா இருக்காது.

உன் வீட்டை விட்டு மறுபடி உன் அண்ணன் ரவிகிட்டயே வந்துட்டேன்னு உனக்குக் கோவம். ஜெயில்லேர்ந்து வந்தவனுக்கு ஒரு வாய் சோறு பொங்கிப் போட யாரு இருக்கா? பொண்டாட்டி அப்பவே போயிட்டா. நானும் கைவிட்டா அவன் எங்க போவான்?

இப்ப எழுத வந்தது வேற விஷயம். நேத்து ப்ரொபேஷன் ஆபீசர் அம்மா வந்தா, ஜெயில்லேர்ந்து வந்தவங்களைக் கண்காணிக்கிறவ. பேரு சினா, சமோவாக்காரி, வாட்டசாட்டமான பொம்பள, சிரிச்ச முகம். சிரிச்சுக்கிட்டே என் வயித்துல நெருப்பைக் கொட்டிட்டுப் போனா. இந்த வருஷம் தீபாவளி அக்டோபர் முப்பத்தொண்ணு. அன்னைக்குத்தான் வெள்ளைக்காரப் பிள்ளைங்க பேய் வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடா மிட்டாய் கேட்டு வருமாம். அதனால அன்னைக்குச் சாயங்காலம் நம்ம வீட்டு வாசல்ல விளக்கு வைக்கக் கூடாது, கோலம், தோரணம் எதுவும் கூடாது, யார் கதவைத் தட்டினாலும் ரவி திறக்கக் கூடாது. பலகாரத் தட்டு வாசப்படி தாண்டக் கூடாது.

கேட்டியா அநியாயத்தை? எலும்புக்கூட்டை வேலியில தொங்க விட்டு ஊரே லைட் போடலாம். மகாலட்சுமிக்கு நான் ஒரு அகல் வைக்கக் கூடாதாம். ரவிக்கு வந்த கஷ்டம் ரவியோட போகட்டும். சாமி என்ன தப்பு பண்ணுச்சு?

தீபாவளிக்கு நீங்க மூணு பேரும் இங்க வந்துடுங்க. ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்லு. ரஷ்மிக்கு ஆயிரம் முத்தம்.

உன் அம்மா,
அன்னம்


வெஸ்ட்கேட்
19-9-2024

அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைச்சுது. நாங்க நல்லா இருக்கோம். ரஷ்மிக்குப் பல் விழுந்துடுச்சு, தலையணைக்கு அடியில வச்சுத் தூங்கினா. உன் முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தியா? மாத்திரையை நிறுத்தாதே.

தீபாவளிக்கு நாங்க அங்க வர மாட்டோம். ரஷ்மி அவன் இருக்கிற வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்கிறது சட்டம். சட்டம் இல்லாட்டாலும் நான் விட மாட்டேன். நீ இங்க வா. எப்ப வேணும்னாலும் வா. தனியா வா.

ஒண்ணு சொல்லணும். நாலு பக்கம் எழுதியிருக்க, "ரவிக்கு வந்த கஷ்டம்"னு எழுதியிருக்க. கஷ்டம் அவனுக்கு வரலம்மா. கிருசாந்தியக்கா மகள் உங்க வீட்டுக்கு அவன்கிட்ட கணக்கு டியூஷனுக்கு வந்தா. ஒன்பது வயசு. அந்தப் பிள்ளைக்கு அவன் செஞ்சதை ஜட்ஜ் முன்னாடி அவனே ஒத்துக்கிட்டான். நீ கோர்ட்டுல இருந்த. உனக்கும் தமிழ்ல சொன்னாங்க.

உடம்பைப் பார்த்துக்கோ. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்கோ.

பிரியா


உ
பாபடோயிட்டோய்
24-9-2024

சௌபாக்கியவதி பிரியாவுக்கு அம்மா எழுதுறது. உடம்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, மனசுதான் சரியில்ல. உங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியமா இருக்கணும்.

கூடப் பிறந்தவனை "அவன்"னு எழுதியிருக்க. அண்ணன்னு எழுதப் பேனா ஒத்துக்கலையா? உனக்கு யூனிவர்சிட்டி பீஸ் கட்ட அவன் ராத்திரி பகலா ஏர்போர்ட்ல மூட்டை தூக்கினான். அதை மறந்துட்ட.

ஜட்ஜ் கொடுத்த தண்டனையை அனுபவிச்சாச்சு. அப்புறமும் விட மாட்டேங்கிறானுங்க. போலீஸ்ல அவன் பேரைப் பதிஞ்சு வச்சிருக்காங்க, பதினஞ்சு வருஷத்துக்கு. வீடு மாத்தினா சொல்லணும், ஊருக்குப் போனா சொல்லணும், புதுப் போன் வாங்கினாலும் சொல்லணும். கால்ல ஒரு பட்டை கட்டியிருக்காங்க, எங்க போனாலும் அது காட்டிக் கொடுத்துடுமாம். அதுக்குச் சார்ஜ் போடப் பிளக் பக்கத்துல உக்காந்தே இருக்கான், போனுக்குப் போடுற மாதிரி. பெத்தவ கண்ணால அதைப் பார்த்துக்கிட்டே காபி ஆத்தணும். ஒரு மனுஷனை எத்தனை தடவை தண்டிப்பாங்க?

போன வாரம் இந்தியக் கடையில அந்தக் கிருசாந்தியைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் கூடையை அப்படியே கீழ வச்சுட்டு வெளிய போயிட்டா. நான் என்ன பண்ணினேன் அவளுக்கு? ஒரு காலத்துல என் கையால எத்தனை இட்லி சாப்பிட்டிருப்பா! விஷயத்தைப் பெரியவங்ககிட்ட சொல்லியிருக்கலாம், நாலு சுவத்துக்குள்ள முடிச்சிருக்கலாம். நேரா போலீசுக்குப் போனா.

ரவி ரொம்ப மாறிட்டான். சத்தமே இல்ல. அவனே சொல்றான், "அம்மா, வாசல்ல விளக்கு வைக்காம அது என்ன தீபாவளி? நம்ம மதத்துல கை வைக்க இவங்களுக்கு உரிமை கிடையாது. நீ கேளு"ன்னு. கேட்கத்தான் போறேன். அஞ்சாங்கிளாஸ்னா வாய் இல்லாமப் போயிடுமா?

ரஷ்மியோட விழுந்த பல்லைத் தூக்கிப் போட்டுடாத, எடுத்து வை.

அம்மா


உ
பாபடோயிட்டோய்
8-10-2024

பிரியாவுக்கு,

ரெண்டு வாரமா தபால் பெட்டியை எட்டி எட்டிப் பார்க்கிறேன். விளம்பரக் காகிதம்தான் வருது. நீ சுகமா இருந்தா சரி. நான் இருக்கேன்.

ஆபீசுக்கே போயிட்டேன். ரவி வரல. நான் தனியா பஸ் ஏறிப் போனேன், பட்டுப்புடவை கட்டிக்கிட்டுத்தான் போனேன். சினா எழுந்து நின்னு நாற்காலி போட்டா. மரியாதை தெரிஞ்சவதான், அதைச் சொல்லணும். போன்ல ஒரு ஆள் மொழிபெயர்த்தார், மலேசியாத் தமிழர்.

நான் சொன்னேன், "தீபாவளிங்கிறது இருட்டை ஓட்டுற பண்டிகை. இருட்டுல உக்காருன்னு சொல்ல உங்களுக்கு யாரு அதிகாரம் கொடுத்தா?"

அவர் இங்கிலீஷ்ல சொல்லிட்டு, திரும்பத் தமிழ்ல சொன்னார். "அம்மா, அவங்க என்ன சொல்றாங்கன்னா, வீட்டு உள்ளுக்கு நீங்க நூறு விளக்கு ஏத்தலாம், சாமி கும்பிடலாம், ஒண்ணும் ப்ராப்ளம் இல்லலா. வாசல்ல மட்டும் வேணாம். அந்த ஒரு நாள் வாசல்ல லைட் எரிஞ்சா, வாங்க வாங்கன்னு பிள்ளைங்களைக் கூப்பிடுற மாதிரி. லைட் இல்லாத வீட்டுக்குப் பிள்ளைங்க வரமாட்டாங்க."

"என் மகன் வீட்டுக்குள்ள இருப்பான், நான் வாசல்ல இருப்பேன், போதுமா?"ன்னு கேட்டேன்.

அதுக்கு சினா என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ சொன்னா. அவர் கொஞ்சம் தயங்கிட்டுத்தான் மொழிபெயர்த்தார். "காவலுக்கு அம்மாவை நிறுத்தக் கூடாதும்மா, அது அம்மாவுக்கே பாவம்னு சொல்றாங்க."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் காவல்காரியா? என் பிள்ளை நாயா? விருட்டுனு எழுந்து வந்துட்டேன். குடையை அங்கேயே மறந்துட்டேன். போய் வாங்கவும் மானம் இடம் கொடுக்கல. நனைஞ்சுக்கிட்டே பஸ்ஸுக்கு நின்னேன்.

இதெல்லாம் நியாயமான்னு நீ ஒரு வரி எழுது. படிச்சவதானே நீ. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசி.

அன்னம்


வெஸ்ட்கேட்
14-10-2024

அம்மா,

உனக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்குமேன்னுதான் முதல்ல நினைச்சேன். மிளகு ரசம் வச்சுக் குடி. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். ரெண்டு வாரமா எழுதாததுக்குக் காரணம், எழுதினதை எல்லாம் கிழிச்சுப் போட்டதுதான். இதைக் கிழிக்காம அனுப்பறேன்.

நியாயமான்னு கேட்டிருக்க. உன் நாலு கடிதத்துலயும்... இல்ல, மூணுதான், எனக்கு நாலாத் தெரியுது. மூணுலயும் ஒரே கோவம். அவன் கால் பட்டைக்குக் கோவம். பதிவுக்குக் கோவம். சினாவுக்கு, ஜட்ஜுக்கு, விளக்குக்கு, குடைக்குக்கூடக் கோவம். அந்தப் பொண்ணுக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள், உனக்குக் கோவம் வந்துச்சா அம்மா?

நாலு சுவத்துக்குள்ள முடிச்சிருக்கலாம்னு எழுதியிருக்க. நாலு சுவத்துக்குள்ளதான்மா அது நடந்துச்சு.

உன் கடிதத்தைப் படிச்சுட்டு நான் கிருசாந்தியக்காவைப் போய்ப் பார்த்தேன். ரெண்டு வருஷமா போகாம இருந்தேன், வெட்கம். அவங்க டீ போட்டுக் கொடுத்தாங்க. மகள் அறையை விட்டு வெளிய வரல. யார் பெல் அடிச்சாலும் அவ உள்ள போய்க் கதவைப் பூட்டிக்கிறாளாம். நவராத்திரிக்கு எந்த வீட்டுக்கும் பாட வரல. எவ்வளவு நல்லாப் பாடுவா! "அம்மா உங்களைக் கடையில பார்த்தாங்களாமே"ன்னு கேட்டேன். அக்கா சொன்னாங்க: "ஓம், பார்த்தனான். எனக்கு அவவில கோபம் இல்லை பிரியா. அவவுக்கு அவர் மகன்தானே. ஆனா என்ர பிள்ளை எப்பிடி இருக்கிறாள் எண்டு அவ ஒருக்காவது கேட்டவவோ? அதைக் கேப்பா எண்டுதான் கொஞ்ச நேரம் நிண்டனான். பிறகுதான் வெளியில வந்தனான்."

அவங்க உடனே வெளிய போனாங்கன்னு எழுதியிருந்த. கொஞ்ச நேரம் நின்னாங்களாம்மா. நீ கேட்பேன்னு நின்னாங்களாம்.

அவனுக்குப் பதினஞ்சு வருஷம் பேரு பதிவுல இருக்கும். அந்தப் பொண்ணுக்கு எத்தனை வருஷம்னு எந்த ஜட்ஜும் சொல்லலையே!

ரஷ்மி இங்கிலீஷ்ல கேட்கிறா, பாட்டி ஏன் நம்மளை விட்டுட்டு மாமாகிட்ட போயிட்டாங்கன்னு. என்ன பதில் சொல்லட்டும்? நீயே சொல்லு.

விளக்கை வாசல்ல வைக்காதே.

பிரியா


உ
பாபடோயிட்டோய்
19-10-2024

லக்ஷ்மிப்ரியாவுக்கு,

ஜலதோஷம் இல்ல. எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க நல்லா இருங்க.

பெத்தவளுக்குப் பாடம் நடத்துற அளவுக்கு வளர்ந்துட்ட. சந்தோஷம். உங்க அப்பா போனப்ப உனக்கு ஆறு வயசு. ரெண்டு பிள்ளைங்களையும் கரையேத்த நான் யார் வாசல்லயும் கை ஏந்தல, யாரும் என்னை உக்கார வச்சுப் புத்தி சொன்னதும் இல்ல.

அகல் வாங்கிட்டேன். ரவி ஒரு சரம் கலர் லைட்டும் வாங்கிட்டு வந்து, வராண்டாவைக் கழுவி விட்டு, ஏணி போட்டு அவனே மாட்டிட்டான். எத்தனை நாள் கழிச்சு அவன் முகத்துல ஒரு தெளிவு! ஒரு பெரிய பை நிறைய சாக்லேட்டும் வாங்கி வச்சிருக்கான். ரஷ்மிக்குன்னு நினைக்கிறேன். வராத பிள்ளைக்கு எதுக்குடான்னு கேட்டா, "இருக்கட்டும்மா"ங்கிறான்.

என் வாசல், என் பண்டிகை. யார் வந்து தடுக்கிறாங்கன்னு பார்க்கிறேன். தீபாவளி முடியிற வரைக்கும் எனக்குக் கடுதாசி போடாதே.

அன்னம்


வெஸ்ட்கேட்
25-10-2024

அம்மா, நீ சௌக்கியம்னு நம்பறேன். போடாதேன்னு சொன்ன, போடறேன். கூரியர்ல அனுப்பறேன், சீக்கிரம் வரணும்னு.

அந்த சாக்லேட் ரஷ்மிக்கு இல்லம்மா.

சரத்தைக் கழட்டிடு. உன் கால்ல விழறேன்.

பிரியா


உ
பாபடோயிட்டோய்
4-11-2024

என் கண்ணு பிரியாவுக்கு அம்மா எழுதுறது. நீ, மாப்பிள்ளை, ரஷ்மி சுகமா இருக்கீங்களா? இங்க சுகம்.

தீபாவளி நல்லபடியா முடிஞ்சுது. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சேன். அதிரசம் இந்தத் தடவை சரியா வரல, பாகு கொஞ்சம் முத்திடுச்சு. இந்த ஊர் வெல்லத்துல மண் இருக்கு. முறுக்கு நல்லா வந்துச்சு. தேங்குழலும் நல்லா வந்துச்சு. மிக்சருக்கு ஓமப்பொடி பிழியிற அச்சு உடைஞ்சு போச்சு, கடையில கேட்டேன், டிசம்பர்லதான் வருமாம். பக்கத்து வீட்டு நவரத்தினம் ஐயா வீட்டுலேர்ந்து ஆட்டுக்கறிக் குழம்பு கொடுத்து விட்டாங்க, அவங்க பக்கம் தீபாவளிக்குக் கறிதானாமே. நான் அதைத் தொடல. அவங்க மனசு நோகக் கூடாதுன்னு வாங்கி வச்சேன். மழை வரும் வரும்னு பார்த்தேன், வரல.

உங்க வீட்டு முன் கதவுக்குப் பூட்டு சரியா இருக்கா? ரஷ்மி தன்னால கதவைத் திறக்கிறாளா? திறக்க விடாதே. ஸ்கூல்ல யாராவது எதையாவது கொடுத்தா வாங்காதேன்னு சொல்லு. தெரிஞ்சவங்க கொடுத்தாலும் வாங்காதேன்னு சொல்லு.

எனக்குத் தூக்கம் சரியில்ல. வேற ஒண்ணும் இல்ல. வயசானா அப்படித்தான்.

அம்மா


வெஸ்ட்கேட்
8-11-2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். பூட்டு நல்லா இருக்கு, ரஷ்மி கதவைத் திறக்க மாட்டா. நீதான் நல்லா இல்லன்னு தெரியுது.

முறுக்கு, தேங்குழல், ஓமப்பொடி அச்சு வரைக்கும் எழுதின. கறிக்குழம்பு எழுதின. விளக்கு வச்சியா இல்லையான்னு ஒரு வார்த்தை இல்ல. அவன் பேரு இந்தக் கடிதத்துல ஒரு இடத்துலகூட இல்லம்மா.

என்ன நடந்துச்சு?

நான் திட்ட மாட்டேன். எழுது. போன் பண்ணினாலும் எடுக்கிறேன்.

பிரியா


உ
பாபடோயிட்டோய்
17-11-2024

பிரியாவுக்கு,

நீயும் குழந்தையும் நல்லா இருங்க. நான் நல்லா இல்ல. போன்ல சொல்ல வாய் வராது, அதான் எழுதுறேன்.

விளக்கு வச்சேன். வாசல் நெடுக வச்சேன். கலர் சரமும் எரிஞ்சுது. வெளிச்சம் மங்குற நேரத்துக்குப் பிள்ளைங்க வந்துச்சு, எறும்பு மாதிரி. தெருவுல எந்த வீட்டுலயும் அவ்வளவு வெளிச்சம் இல்ல. பேய், பூனை, சூனியக்காரி, ஒரு பையன் தக்காளி மாதிரிகூட வேஷம் போட்டிருந்தான். எனக்குச் சிரிப்பா வந்துச்சு. நான்தான் முறுக்கு கொடுத்தேன். ரவி உள்ள இருந்தான். பார்த்தியாடி சினா, ஒண்ணும் ஆகலையேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

தட்டு காலியாச்சு. நிரப்பிக்கிட்டு வரலாம்னு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வர்றேன், வாசக்கதவு திறந்திருக்கு. ரவி மண்டி போட்டு உக்காந்திருக்கான், கையில அந்தச் சாக்லேட் பை. எதிர்ல ஒரு குட்டிப் பொண்ணு, ரஷ்மி உசரம்தான் இருக்கும், முதுகுல அட்டையில இறக்கை கட்டியிருந்துச்சு. கூட வந்த பெரிய பிள்ளைங்க அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க. அவன் அந்தப் பொண்ணுகிட்ட பேசிக்கிட்டு இருந்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா "கம் இன்சைட்"னா தெரியும். "மோர் இன்சைட்"னாலும் தெரியும். அவன் குரல் எவ்வளவு இனிமையா இருந்துச்சு தெரியுமா? என்கிட்டகூட அவன் அப்படிப் பேசினதில்ல. அந்தப் பொண்ணு ஒரு காலை வாசப்படி மேல வச்சுட்டா.

தட்டைப் போட்டுட்டு ஓடினேன். முழங்கால் வலி எங்க போச்சோ. அந்தப் பொண்ணைத் தோளைப் பிடிச்சு வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினேன். பயந்து அழுதுச்சு பாவம், என்னைப் பார்த்துத்தான் அழுதுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிற கிழவியைப் பார்த்தா அழாதா?

ரவி எழுந்து நின்னான். "ஏம்மா இப்படி அசிங்கப்படுத்துற? சும்மா மிட்டாய் கொடுத்தேன்"ங்கிறான். நான் அவன் முகத்தையே பார்த்தேன். வெட்கம் இல்ல பிரியா. பயம் இருந்துச்சு, எரிச்சல் இருந்துச்சு. வெட்கம் இல்ல. அப்புறம்தான் என் கால்ல விழுந்தான். "சொல்லிடாதம்மா, மறுபடி உள்ள போட்டுடுவாங்க, நீதானே விளக்கு வச்ச"ன்னான்.

நீதானே விளக்கு வச்ச. பெத்த பிள்ளை என்னைப் பார்த்துச் சொன்னான். மதம், உரிமைன்னு எனக்கு ஓதி ஓதிச் சண்டைக்கு அனுப்பிட்டு, ஏணியில ஏறி அவனே சரம் கட்டிட்டு, நீதானே விளக்கு வச்சங்கிறான்! என் கோவத்தை எண்ணெயா ஊத்தி அவன் விளக்கு ஏத்திக்கிட்டான். நான் அதைக்கூடப் புரிஞ்சுக்காம ஊர் முழுக்கக் கத்திக்கிட்டு இருந்தேன்.

பத்து நாளா ஒரே வீட்டுல அவனுக்குச் சோறு போட்டேன். பேசல. உன் கடுதாசி வந்துச்சு. அன்னைக்கே சினாவுக்குப் போன் பண்ணினேன். மொழிபெயர்க்க ஆள் கேட்கத் தெரியல. "மை சன். ஓப்பன் டோர். ஸ்மால் கேர்ள். ஐ ஸீ"ன்னேன். அவளுக்குப் புரிஞ்சுது. சாயங்காலமே போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. போகும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்க்கல. குளிருமேன்னு நான் அவன் ஸ்வெட்டரைக் கொடுத்து விட்டேன். அதை வாங்கிக்கிட்டான்.

மதுரையிலேர்ந்து உன் செல்வராஜ் மாமா போன்ல குதிக்கிறான். "பெத்த வயிறா அது? மகனைப் போலீசுல புடிச்சுக் கொடுத்த முதல் பொம்பள நம்ம குடும்பத்துல நீதான்"ங்கிறான். "ஆமாடா, நான்தான். அவன் கதவைத் திறந்தப்ப நீ எங்க இருந்த? வெளிநாட்டுச் சட்டம் அக்கிரமம்னு பேசுறியே, உன் பேத்தியை ஒரு வாரம் அவன்கூட விட்டு வைப்பியா?"ன்னு கேட்டேன். போனை வச்சுட்டான். எல்லாப் பயலும் இப்படித்தான். அடுத்தவன் பிள்ளைன்னா நியாயம் பேச வாய் நீளுது.

கிருசாந்தி மகளுக்கு என்ன பேருன்னுகூட எனக்கு நேத்து வரைக்கும் ஞாபகம் வரல. கம்சாயினி. ராத்திரி படுத்துக்கிட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். என் வீட்டுல, எம் பிள்ளை, அந்தக் கம்சாயினியை நாசம் பண்ணினான். எழுதிட்டேன்.

அன்னம்


வெஸ்ட்கேட்
22-11-2024

அம்மா,

உடம்பு எப்படி இருக்கு? சாப்பிடறியா? நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் ஒண்ணும் கேட்கல. கடிதத்தை அரவிந்தும் படிச்சார். படிச்சுட்டுக் கராஜ்ல போய் ரொம்ப நேரம் உக்காந்திருந்தார்.

உன் அறையில விரிப்பு மாத்திட்டேன். ஹீட்டர் போட்டு வச்சிருக்கேன். டிசம்பர் ஒண்ணாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில கார் எடுத்துட்டு வர்றோம். சாமானெல்லாம் நீ தூக்காதே. பாட்டி திரும்ப வர்றாங்கன்னு சொன்னதும் ரஷ்மி உன் கட்டில்ல ஏறிக் குதிக்கிறா. தமிழ்லயே சொன்னா: "பாட்டி என் கூட படுக்கணும்." எங்கேர்ந்து கத்துக்கிட்டாளோ.

வந்துடும்மா. இனிமே அங்க ஒரு நாள் இருக்க வேண்டாம்.

உன் பிரியா


உ
ஹென்டர்சன்
29-11-2024

என் மகள் பிரியாவுக்கு, மாப்பிள்ளை அரவிந்துக்கு, தங்கம் ரஷ்மிக்கு அன்னத்தோட ஆசீர்வாதம். நான் சாப்பிடுறேன். முழங்காலும் தேவலை. மேல இருக்கிற ஊர்ப் பேரைப் பார்த்துப் பதறாதே. சீக்கிரம் கிடைக்கணும்னு உன்னை மாதிரி கூரியர்லதான் போடுறேன். ஞாயிற்றுக்கிழமை பாபடோயிட்டோய்க்குக் கார் எடுத்துக்கிட்டுப் போகாதீங்க, அந்த வீட்டுல யாரும் இல்ல.

சரோஜாதேவின்னு ஒரு அம்மா, யாழ்ப்பாணத்துக்காரங்க, தனியா இருக்காங்க. கோயில்ல பழக்கம். அவங்க வீட்டுல ஒரு அறை காலியா இருந்துச்சு, வந்துட்டேன். வாசல்லயே நிறுத்தி எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் உள்ள வந்தேன், ஒண்ணையும் மறைக்கல. அவங்க கேட்டுட்டு, "ஓம், விளங்குது. முதல்ல வந்து தேத்தண்ணி குடியுங்கோ"ன்னாங்க. அவங்களுக்குப் பேரன் பேத்தி யாரும் இந்த நாட்டுல இல்ல. வந்து போற குழந்தை இல்லாத வீடு. அதைப் பார்த்துத்தான் வந்தேன்.

நீ கட்டில் போட்டு, ஹீட்டர் போட்டுக் கூப்பிட்டிருக்க. இந்த ஜென்மத்துக்கு எனக்கு அது போதும். ஆனா நான் வர மாட்டேன். ஏன்னு சொல்றேன், அழாமப் படி.

அவன் வெளிய வருவான். ஆறு மாசமோ, ஒரு வருஷமோ. வந்ததும் எங்க போவான்? அம்மா இருக்கிற இடத்தைத் தேடித்தான் வருவான். சட்டம் வரக் கூடாதுன்னு சொன்னாலும் வருவான். வாசல்ல நின்னு, "பசிக்குதும்மா"ன்னு சொல்லுவான். அப்ப நான் என்ன பண்ணுவேன்? துரத்திடுவேன்னு எழுதத்தான் ஆசை. அது நிஜமான்னு எனக்குத் தெரியாது பிரியா. ஒரு தடவை போலீசுக்குப் போன் பண்ணின கைதான் ஸ்வெட்டரையும் எடுத்துக் கொடுத்துச்சு. நான் கதவைத் திறந்தாலும் திறந்துடுவேன். அந்தக் கதவு ரஷ்மி இருக்கிற வீட்டுக் கதவா இருக்கக் கூடாது.

சினாகிட்டயும் இதைச் சொன்னேன், இந்தத் தடவை ஆள் வச்சு மொழிபெயர்த்துத்தான். "அவங்க போட்ட சட்டம் என் மகனுக்கு. எனக்கு நான் போட்டுக்கிறேன்"னு சொல்லச் சொன்னேன்.

குழந்தையைப் பார்க்காம என்னால இருக்க முடியாது. மாசத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல்ல, ஹென்டர்சன் கடைத்தெருவுல, ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்துல கூட்டிட்டு வா. ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன். நீ பக்கத்துலயே இரு. அறைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டட்டுமான்னு கேட்பேன், விடாதே. ஒரு ராத்திரி என்கூடப் படுக்கட்டும்னு கெஞ்சுவேன், விடாதே. "பெத்த அம்மாவையே நம்ப மாட்டியாடி"ன்னு நடுத்தெருவுல நின்னு கத்துவேன், என் வாய் உனக்குத் தெரியும்.

கத்தட்டும்னு விட்டுட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடு.

என்றும் உன் நல்லதையே நினைக்கிற,
அம்மா அன்னம்